மல்லிகை என்று சொல்லாத மல்லிகை

1966ஆம் ஆண்டு கிறிஸ்டியன் டியோர் நிறுவனம் ஆண்களுக்கென்று தன் முதல் வாசனைத் திரவியத்தை வெளியிட்டது. பெயர் ஓ சோவாஜ். தமிழில் காட்டு நீர் என்று சொல்லலாம். காடு பெயரில் மட்டும்தான். புட்டியைத் திறந்தால் முதலில் வருவது எலுமிச்சை. அதற்குப் பின்னால் பெர்கமோட் என்கிற இத்தாலிய எலுமிச்சை இனத்தின் லேசான கசப்பு, திருநீற்றுப்பச்சிலை, ரோஸ்மேரி, லாவெண்டர். எல்லாம் அடங்கிய பிறகு ஓக் மரத்தில் படரும் பாசியும் வெட்டிவேரும். கோடைக்கான மணம். வெயிலில் நடந்து வந்தவளுக்கு யாரோ ஒரு செம்பு மோரை நீட்டியது போல மனது சட்டென்று தூக்கிக்கொள்ளும்.

இதைச் செய்தவர் எட்மோன் ருட்னிட்ஸ்கா. அதற்கு முன்பே பெண்களுக்கான பெரிய வாசனைகளைச் செய்து பெயர் வாங்கியவர். 1956இல் வந்த டியோரிஸிமோ அவருடையது. ஆண்கள் பக்கம் திரும்பினால் அன்றைய சந்தைக்குப் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் கிடையாது. ஆண் என்றால் சவரம். சவரம் முடிந்தால் கன்னத்தில் எரிய எரியத் தட்டிக்கொள்ள ஒரு திரவம். அதில் லாவெண்டர், சோப்பு, புகையிலை, தோல் என்று நான்கைந்து வாசனைகள் மாறி மாறி வந்தால் போதும். அதற்கு மேல் கேட்கிற ஆண் கொஞ்சம் சந்தேகத்துக்குரியவன். எலுமிச்சை வாசனைகளுக்கும் மதிப்புக் குறைவுதான். பூசிய அரை மணியில் பறந்துவிடும், குளியலறைச் சாமான், கலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆணையும் எலுமிச்சையையும் பற்றிய இந்த இரண்டு தாழ்ந்த எதிர்பார்ப்புகளின் மேல்தான் ஓ சோவாஜ் வந்து இறங்கியது. இன்றும் விற்கிறது. (2015இல் அதே நிறுவனம் வெளியிட்ட ‘சோவாஜ்’ முற்றிலும் வேறு சரக்கு. விமான நிலையக் கடைகளில் ஒன்றைக் கேட்டால் மற்றதை எடுத்து நீட்டுவார்கள், கவனம்.)

அது ஏன் நின்றது என்பதில்தான் எனக்கு ஆர்வம். ருட்னிட்ஸ்கா அதற்குள் ஒரு பூவை வைத்திருந்தார். அதுவும் மல்லிகையை.

பூவை நேராகப் பிழிந்து வைக்கவில்லை. ஜெனிவாவில் இருந்த ஃபிர்மெனிஷ் என்ற நிறுவனத்தில் எடுவார் தெமோல் என்ற வேதியியலாளர் மல்லிகை எண்ணெயை ஆராய்ந்துகொண்டிருந்தார். நம் ஊரில் பிச்சி, ஜாதிமல்லி என்றெல்லாம் சொல்கிற இனம்தான் பிரான்சின் கிராஸ் நகரத்து மல்லிகையும். அதன் மணத்துக்குக் காரணமான பொருள்களைப் பிரித்துப் பார்த்தபோது கிடைத்த ஒன்றின் நெருங்கிய உறவாக ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டது ஹெடியோன். முதலில் முகர்ந்தவர்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. தனியாக முகர்ந்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெலிந்த வாசனை. ருட்னிட்ஸ்கா அதை எலுமிச்சைக்குள் சேர்த்ததும் நிலைமை மாறியது. மூடிய அறையில் ஜன்னலைத் திறந்த மாதிரி மொத்தக் கலவைக்குள்ளும் காற்று புகுந்தது. ஹெடியோனைக் குறிப்பிடத்தக்க அளவில் பயன்படுத்திய முதல் பெரிய வாசனையாக ஓ சோவாஜைத்தான் சொல்கிறார்கள். இன்று அந்தப் பொருள் இல்லாத வாசனைப் புட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெயரின் வேர் கிரேக்கச் சொல்லான ‘ஹெடொனே’. இன்பம் என்று பொருள்.

ஆக, ஆண் பூவைத் தாங்க மாட்டான் என்று சந்தை நம்பிக்கொண்டிருந்த காலத்தில், இன்பம் என்று பெயரிட்ட மல்லிகை மணம் ஒன்றை லட்சக்கணக்கான ஆண்கள் கழுத்தில் பூசிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். மல்லிகை என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாங்கியிருப்பார்களா என்பது வேறு கேள்வி. ஆண்களிடம் குறைவாக எதிர்பார்ப்பது பெண்களாகிய நமக்கும் கைவந்த பழக்கம்தான். “ஆம்பளைக்கு அதெல்லாம் எங்க தெரியும்” என்று சொல்லிச் சொல்லியே அவர்களைச் சமையலறையிலிருந்தும், பிள்ளையின் காய்ச்சலிலிருந்தும், அழுகையிலிருந்தும் விடுவித்து வைத்திருக்கிறோம். வாசனைக்காரர்களும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். பூ கொடுத்தால் ஆண் வாங்கிக்கொள்வான் என்று ஒருவர் நம்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

மணத்துக்குப் பால் உண்டா என்ற கேள்விக்கு இவ்வளவிலேயே பதில் கிடைத்துவிடும். வெட்டிவேரை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அதற்கு வழங்கும் ‘வெட்டிவர்’ என்ற சொல்லே நம்மிடமிருந்து போனதுதான். அங்கே அது கட்டுறுதியான ஆண் வாசனை. கெர்லன் 1959இல் அந்தப் பெயரிலேயே ஆண்களுக்கு ஒரு புட்டி போட்டது. இங்கே அதே வேரைப் பெண்கள் கூந்தல் எண்ணெயில் ஊறப்போடுகிறார்கள், பட்டுப்புடவைகளுக்கு இடையில் செருகுகிறார்கள், மண்பானைத் தண்ணீரில் போட்டு வீட்டில் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். ஆண்மையின் அடையாளமாகிவிட்ட ஓல்ட் ஸ்பைஸ் 1937இல் முதலில் பெண்களுக்காக வந்த சரக்கு; ஆண்களுக்கானது அடுத்த ஆண்டுதான். மூலக்கூறுக்கு மீசை கிடையாது. இதைச் சொல்வதற்கு ஒரு கட்டுரை தேவையில்லை.

எனக்குக் கடினமாகத் தோன்றுவது இன்னொரு கேள்வி. மணத்தை யாரை நோக்கி அனுப்புகிறோம்?

ஓ சோவாஜுக்கு ரெனே க்ருவோ என்ற ஓவியர் வரைந்த விளம்பரங்கள் புகழ்பெற்றவை. நினைவில் நிற்கும் படங்களில் ஒரு ஆண் குளித்துவிட்டு வருகிறான். ரோமம் அடர்ந்த கால்கள், துவாலை அல்லது அங்கி, அலட்சியமான ஒரு நிலை. தன் உடம்போடு தானே சுகமாக இருக்கிறான். பெண்களுக்கான வாசனை விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். அவற்றில் யாராவது ஒருவன் திரும்பிப் பார்க்க வேண்டும். மாடிப்படியிலோ நடன அறையிலோ ரயில் நிலையத்திலோ ஒரு ஆண் தலை திரும்பினால்தான் அந்த வாசனை வேலை செய்தது என்று கணக்கு. அவனுக்கு விற்பது புத்துணர்ச்சி. அவளுக்கு விற்பது விளைவு. கோடையில் வியர்வை வழிய நின்று எலுமிச்சையை முகர்ந்து “அப்பாடா” என்று சொல்லும் சாதாரண சுகம் அவன் பக்க அலமாரியில் இருக்கிறது. அவள் பக்க அலமாரியில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு கடிதம். பெறுநர் முகவரி வேறு ஒருவருடையது.

இது பிரெஞ்சுக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். பெண்ணின் மணத்தைப் பற்றி நம்மிடமும் ஒரு புகழ்பெற்ற தத்துவ விவாதம் இருக்கிறது. பாண்டிய மன்னனுக்கு ஒரு சந்தேகம்: தேவியின் கூந்தலில் வருகிற மணம் இயற்கையானதா, பூவாலும் பொருள்களாலும் வருவதா? தீர்த்து வைப்பவருக்குப் பொற்கிழி. ஏழைப் புலவன் தருமிக்காகச் சிவபெருமானே பாட்டு எழுதித் தருகிறார். நக்கீரர் பொருளில் குற்றம் கண்டுபிடிக்கிறார். இறைவன் நெற்றிக்கண்ணைத் திறந்த பிறகும் குற்றம் குற்றமே என்று நிற்கிறார். 1965இல் ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ படம் வந்த பிறகு நாகேஷின் முகம் இல்லாமல் இந்தக் கதையை யோசிக்கவே முடியாது. அதிகாரத்துக்கு முன் உண்மையைச் சொன்ன துணிவுக்கு உதாரணமாக நாம் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சரிதான். ஆனால் ஒரு அரசன், ஒரு கடவுள், இரண்டு புலவர்கள், ஒரு முழுச் சங்கம் எல்லோருமாகச் சேர்ந்து அலசிய இந்த விஷயத்தில், அந்தப்புரத்துக்கு ஆள் அனுப்பி “அம்மா, தலைக்கு என்ன தேய்க்கிறீர்கள்?” என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. முகர்ந்தவன் சொன்னதுதான் சாட்சியம். அந்த மணம் அவளுக்குப் பிடித்திருந்ததா என்பது கேள்வியாகவே எழவில்லை.

பெண்ணின் மணம் இன்னொருவர் மூக்குக்குச் சொந்தம் என்றால், அந்த மூக்கு போன பிறகு அவளுக்கு மணம் எதற்கு? கைம்பெண்ணின் தலையிலிருந்து பூவை எடுக்கிற வழக்கத்துக்கு நம் வீடுகளில் ஆயிரம் காரணம் சொல்வார்கள். அதன் தருக்கம் இவ்வளவுதான். பெறுநர் இல்லை, ஆகவே கடிதமும் வேண்டாம்.

என் அத்தை முப்பத்தொரு வயதில் கணவனை இழந்தவர். பள்ளி ஆசிரியை. வாசலில் பூக்காரம்மா கூவும்போது அம்மாவும் சித்தியும் முழம் போட்டு வாங்குவார்கள். அத்தை உள்ளே நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பார். அவருக்கு வாரத்தில் நான்கு நாள் தலைவலி வரும். வந்தால் அலமாரியைத் திறந்து ஓடிகோலோன் புட்டியை எடுத்துக் கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே கண்ணை மூடிப் படுத்துவிடுவார். எலுமிச்சையும் ஆரஞ்சுப் பூவும் கலந்த அந்த வாசனை கூடம் வரைக்கும் வரும். கோடை விடுமுறையில் தலைவலி இன்னும் கூடுதலாக வந்ததாக ஞாபகம். வீட்டில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. மருந்தை யார் குறை சொல்வார்கள்? புட்டி தீர்ந்தால் என் தாத்தாவே டவுனுக்குப் போய் வாங்கி வருவார், மருந்துக் கடையிலிருந்து. அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஓ சோவாஜின் மூதாதை இந்த ஓடிகோலோன்தான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் குடியேறிய இத்தாலியர் ஜொகான் மரியா ஃபாரினா செய்தது. ஆண், பெண் என்ற பிரிவினை அதற்குக் கிடையாது. நெப்போலியன் அதைக் கணக்கில்லாமல் ஊற்றிக்கொள்வான் என்பது பிரபலமான செய்தி. நீண்ட காலம் அதை மருந்தாகவும் விற்றார்கள், உள்ளுக்கும் குடித்தார்கள். 1810இல் மருந்துகளின் செய்முறையை வெளியிட வேண்டும் என்று நெப்போலியன் ஆணை போட்டபோது, ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காகத் தயாரிப்பாளர்கள் அது வெறும் வாசனை நீர்தான் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே மருந்து வாசனையாகி வெளியே வந்தது. எங்கள் வீட்டில் வாசனை மருந்தாகி உள்ளே வந்தது.

பூவுக்கும் ஆணுக்கும் சம்பந்தமில்லை என்பதாவது நம் பழைய வழக்கமா என்றால் அதுவும் இல்லை. சங்கப் பாடல்களில் வீரர்கள் பூச் சூடித்தான் போருக்குப் போகிறார்கள். வெட்சி, கரந்தை, வஞ்சி எல்லாம் முதலில் பூக்கள், பிறகுதான் திணைகள். ஒல்லையூர்ச் சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் முல்லையை இனி யார் யார் சூட மாட்டார்கள் என்று ஒரு வரிசை வருகிறது. அதில் இளைஞர்கள் இருக்கிறார்கள், வளையணிந்த பெண்கள் இருக்கிறார்கள், பாணன் இருக்கிறான், பாடினி இருக்கிறாள். துக்கம் என்றால் ஊரே பூவை விட்டது. அதே புறநானூற்றில் கைம்மை நோன்பின் கொடுமையைச் சொல்லும் பாட்டுகளும் இருக்கின்றன என்பதால் பொற்காலம் எதையும் நான் கட்டி எழுப்பவில்லை. ஆண் தலையில் முல்லை இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். எப்போது உதிர்ந்தது, யார் எடுத்தார்கள் என்பதை யாராவது ஒரு மாணவி ஆராயலாம்.

1966க்குத் திரும்புவோம். ஆண்கள் வாங்கினார்கள். கூடவே பெண்களும் எடுத்துப் பூசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். கணவனின் புட்டி, அண்ணனின் புட்டி, பிறகு தனக்கென்றே ஒன்று. 1972இல் அதே நிறுவனம், அதே ருட்னிட்ஸ்காவைக் கொண்டு, டியோரெல்லா என்று பெண்களுக்கு ஒன்று போட்டது; ஓ சோவாஜின் தங்கை என்றுதான் அதை எல்லோரும் சொல்கிறார்கள். பெண்கள் ஏன் ஆண்களின் அலமாரிக்குப் போனார்கள்? வாசனை நன்றாக இருந்தது என்பது முதல் பதில், அதுவே போதும். இன்னொன்றையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். அந்தப் புட்டி அவர்களை நோக்கிப் பேசவில்லை. “இதைப் பூசினால் அவன் திரும்பிப் பார்ப்பான்” என்று அது அவர்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. கண்டுகொள்ளப்படாத இடத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கிற சௌகரியம் அது. கூட்டம் இல்லாத பேருந்தின் ஜன்னலோர இருக்கை மாதிரி.

இதை வகுப்பில் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: “ஆம்பளைங்க சென்ட்டைப் போட்டுக்கிறதுதான் விடுதலையா மேடம்? அப்போ சுகம், சுதந்திரம் எல்லாம் அவங்களோடதுதான், நாம போய்க் கடன் வாங்கிக்கிறோம்னு ஆகுதே?” நல்ல கேள்வி. கால்சட்டைக்கும், மோட்டார் சைக்கிளுக்கும், குட்டை முடிக்கும் இதே கேள்வி பொருந்தும். பெண் ஆண் பக்கம் போனால் துணிச்சல் என்கிறோம். ஆண் பெண் பக்கம் வந்தால் சிரிக்கிறோம். ஓ சோவாஜ் பூசிய பெண்ணை யாரும் கேலி செய்யவில்லை. டியோரெல்லா பூசிய ஆணுக்கு அலுவலகத்தில் என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம் என்று வைத்திருக்கும்வரை மேட்டில் ஏறுவதை மட்டும் விடுதலை என்று கொண்டாடினால் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். அந்த மாணவியிடம் நான் சொன்னது இதுதான்: அந்த ஆண்கள் புட்டிக்குள் இருந்த சுகமே பூவினுடையது. கடன் வாங்கியது யார் என்று கணக்குப் பார்த்தால் நாம் இல்லை. அவள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. “பேர் மாத்தித்தானே மேடம் வாங்கினாங்க” என்றாள். அதுவும் உண்மை.

வாசனையைப் பற்றி இவ்வளவு பேசுவது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்லும் தோழிகளும் உண்டு. புட்டியின் விலை அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. மதுரை, திண்டுக்கல் பக்கம் விடிவதற்கு முன்னால் டார்ச் வெளிச்சத்தில் மொட்டுப் பறிக்கும் பெண்களுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. ஒரு கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மொட்டு வேண்டும். சந்தையில் விலை விழுந்த நாட்களில் அந்தப் பூ சென்ட் ஃபேக்டரிக்குப் போகிறது. அங்கே சாறு இறக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரு கிலோ சுத்தமான மல்லிகைச் சாறுக்கு ஐந்நூறு கிலோவுக்கும் மேல் பூ ஆகும். அந்தப் பெண்களுக்குக் கூலிதான் முதல் பிரச்சினை, இன்பம் அல்ல என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். பறிக்கிறவர்களிடம் கேட்டால் இரண்டையும் பேசுவார்கள். பறித்த பூவில் ஒரு கை எடுத்து மடியில் முடிந்துகொள்வதற்கு மேஸ்திரியோடு போடும் சண்டையும் கூலிச் சண்டைதான்.

2015இல் ஜெர்மனியின் போகும் நகரப் பல்கலைக்கழகமும் டிரெஸ்டன் ஆய்வாளர்களும் ஹெடியோனை முகர்ந்தவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். ஹார்மோன் சுரப்போடு தொடர்புள்ள ஹைப்போதலாமஸ் பகுதியில் ஆண்களைவிடப் பெண்களிடம் அதிக மாற்றம் தெரிந்ததாக அறிவித்தார்கள். பத்திரிகைகள் விடுமா? பெண்களைக் கிளர்த்தும் வாசனை என்று ஓடியது செய்தி. ஐம்பது ஆண்டுகளாக ஆண்கள் கழுத்தில் இருந்த பொருள், அது பெண்களை என்ன செய்கிறது என்று தெரிந்தவுடன்தான் செய்தியானது. பாண்டியன் சபை இன்னும் கலையவில்லை. இப்போது அங்கே ஸ்கேன் இயந்திரம் இருக்கிறது.

ருட்னிட்ஸ்காவின் மனைவி பெயர் தெரேஸ். அவரும் வேதியியல் படித்தவர். 1946இல் தொடங்கிய ஆய்வுக்கூடத்தை இருவரும் சேர்ந்துதான் நடத்தினார்கள், கிராஸுக்கு அருகில் காப்ரி என்ற மலைக் கிராமத்தில். அவர் 1950களில் மனைவிக்காக ஒரு வாசனை செய்தார். முலாம்பழமும் பிளம்ஸும் மல்லிகையும் கலந்தது. அதை விற்கவில்லை. பல பத்தாண்டுகள் உலகத்தில் அந்த மணம் ஒரே ஒரு பெண்ணிடம் மட்டும் இருந்தது. இதை மகத்தான காதல் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பரிசா பூட்டா என்று தீர்மானிக்க முடியவில்லை; தெரேஸுக்கு அது பிடித்திருந்ததா என்பதைப் பொறுத்தது. 1996இல் ருட்னிட்ஸ்கா இறந்தார். பூவை எடுத்துவிட வேண்டிய நேரம் என்று நம் ஊரில் சொல்லியிருப்பார்கள். தெரேஸின் சம்மதத்தோடு 2000இல் ஃப்ரெடெரிக் மால் நிறுவனம் அந்த வாசனையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் ‘தெரேஸின் வாசனை’. ஆண்களும் வாங்கிப் பூசிக்கொள்கிறார்கள்.